அத்தைக்குத் தெரியாத இங்கிலீஷ்

அப்பாவும் பெரியப்பாவும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தால் வீட்டில் யாருக்கோ ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். எனக்கு ஊசி போடுவது என்று முடிவானபோது இங்கிலீஷில்தான் பேசினார்கள். தாத்தா காய்ச்சலில் கிடந்தபோது டாக்டர் சொன்னதை இங்கிலீஷில்தான் சொல்லிக்கொண்டார்கள். மறுவாரம் வாசலில் பந்தல் போட்டார்கள். நல்ல செய்திகளுக்கெல்லாம் தமிழே போதுமானதாக இருந்தது.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். ஆண்கள் எல்லோரும் ஏதாவது ஒரு ஆபீசில் உத்தியோகம் பார்த்தவர்கள். பெண்கள் காப்பியும் பலகாரமும் எடுத்துக்கொண்டு வந்து போய்க்கொண்டிருக்க, அந்தப் பெண்களுடைய காரியத்தையே கூடத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசி முடிப்பார்கள். எழுந்து தனியாகப் போய்ப் பேச வேண்டிய சிரமம் இல்லை பாருங்கள். பெண்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் காதில் விழுந்தால் மழை பெய்கிற மாதிரிதான். முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, "என்னவாம்?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பார் அப்பா. அவ்வளவுதான்.

அப்பாவுடைய இங்கிலீஷ் மனு எழுதிப் பழகிய இங்கிலீஷ். அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தார். 'கைண்ட்லி', 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி', 'இம்மீடியட்லி' இவற்றில் ஒன்றாவது இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. பெரியப்பா வடக்கே ஒரு பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் இங்கிலீஷ் கொஞ்சம் வேகமானது, ஆனால் அதிலும் இதே சாமான்கள்தான்.

அப்பாவுக்குத் தங்கை ஒருத்திதான். என் அத்தை. பெண்கள் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள். நன்றாகச் சிரிப்பாள், நன்றாகச் சண்டையும் போடுவாள். அவளை அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது ஊரே பேசுகிற சம்பந்தம். மாமாவுக்கு லீவு குறைவு என்று கல்யாணம் அவசர அவசரமாக நடந்தது. மறுவீட்டுக்கு எங்கள் வழக்கப்படி தேங்காய்ப்பால் சொதி வைத்தார்கள். மாமா இரண்டு தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டார், வீட்டில் எல்லோருக்கும் அதில் ஒரே பெருமை. விசா வந்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அவருடைய அப்பா அம்மா பம்பாயில் மூத்த மகனோடு இருந்ததால், விசா வரும்வரை அத்தை எங்கள் வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு.

எதிர்வீட்டில் போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா கூப்பிடுவார். எதிர்வீட்டு ஆச்சி ஜன்னல் வழியே, "ஏளா, அமெரிக்கா!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தெருவைத் தாண்டி ஓடுவாள். கொஞ்ச நாளில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சத்தம் வரவில்லை. பிறகு எப்போதாவது வந்தது. அப்படி எப்போதாவது வந்த ஒரு அழைப்பில்தான், இங்கே வந்தால் எல்லாம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும், படித்துக்கொள் என்று மாமா சொல்லியிருக்கிறார். வீடு அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டது. கூப்பிட்டுக்கொள்ளப் போகிறவர்தானே அப்படிச் சொல்வார்?

வண்ணார்பேட்டையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. கல்யாணமான பெண் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே நான் டீச்சராக நியமிக்கப்பட்டேன். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம், அந்தப் பாடத்தில் எப்போதும் முதல் மார்க். தலைக்கனத்துக்கு வேறு என்ன வேண்டும்?

கிணற்றடியில் துணி துவைக்கிற கல்தான் எங்கள் வகுப்பறை. அத்தை கல்லில் உட்காருவாள், நான் கையில் முருங்கைக் குச்சியோடு நிற்பேன். பள்ளிக்கூடத்தில் அப்போது அட்ஜெக்டிவும் அட்வெர்பும் நடந்துகொண்டிருந்தன. மிஸ் பல நாள் தொண்டை வறள நடத்தியும் வகுப்பில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் மனப்பாடம்தான். 'ஸ்லோ' என்பது அட்ஜெக்டிவ், 'ஸ்லோலி' என்பது அட்வெர்ப் என்று குச்சியை ஆட்டிச் சொன்னேன்.

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "இவ்வளவுதானா? நம்ம ஆன, ஆகதான். மெதுவான வண்டி, மெதுவாகப் போச்சு. ஆன போட்டா பேருக்கு முன்னால நிக்கும். ஆக போட்டா வினையோட ஒட்டிக்கிடும்" என்றாள்.

எனக்குத் தலையில் யாரோ விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. ஆனால் டீச்சர் அதைக் காட்டிக்கொள்ளலாமா? "கரெக்ட்" என்று மட்டும் சொன்னேன்.

"மெதுவாகன்னு எதுக்குச் சொல்லணும்? 'பைய'ன்னு சொல்லு. பையப் போ, பையப் பேசு. நமக்கு ஸ்லோலின்னா பையதான்."

அதிலிருந்து எங்களுக்கு 'ஸ்லோலி' என்றால் பைய. அவள் ஒருநாளும் ஒரு தடவை சொன்னதை மறந்ததில்லை. 'குட்' வேறு 'வெல்' வேறு என்று சொன்னால் மறுநாள் அம்மாவிடம் போய், "மதினி, யுவர் ரசம் இஸ் குட், யூ குக் வெல்" என்பாள். அம்மா, "போட்டி அங்கன" என்று கரண்டியை ஓங்குவாள்.

இவ்வளவு வேகம் அமெரிக்காவுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அத்தையே சொன்னாள். துவைத்த சேலையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவள் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, எனக்கு அமெரிக்கக்காரன் பேசுதது புரியாட்டாலும் பரவால்ல. உங்க அப்பா பேசுதது புரியணும்."

"அப்பா தமிழ்தானே பேசுதாவ?"

"என்னைப் பத்திப் பேசும்போது தமிழ் பேச மாட்டாவ. பக்கத்துல நின்னு காப்பி ஆத்திக்கிட்டு இருக்கேன், என் கதையைத்தான் பேசுதாவன்னு மட்டும் தெரியுது. அந்த மனுசன் என்னைக் கூப்பிடுவாரா மாட்டாரா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்ட்டி. யாரையும் கேக்கவும் முடியல. கேட்டா ஒண்ணுமில்லம்பாவ."

அப்புறம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பது எங்களுக்கு ஒரு விளையாட்டானது. எனக்கு விளையாட்டு. ஆளுக்கு ஒரு வேலை என்று அத்தை பிரித்தாள். வாக்கியத்தைப் பிடிப்பது அவள் பொறுப்பு. அடைமொழிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து கிணற்றடியில் ஒப்பிப்பது என் பொறுப்பு. "சங்கதி என்னன்னு நான் எப்படியும் பிடிச்சிருவேன். அது நல்லதா கெட்டதான்னு சொல்லுதது இந்த அடைமொழிதான்" என்பாள். அப்பாவின் இங்கிலீஷில் அடைமொழிக்கா பஞ்சம்? மடி நிறைய அள்ளிக்கொண்டு வருவேன்.

சில மாதங்கள் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து சத்தமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை வாசல் பக்கமாகவே ஏதாவது வேலையை இழுத்து வைத்துக்கொள்வாள். உலர்ந்த துணியை மறுபடி மடிப்பாள், பெருக்கின இடத்தையே பெருக்குவாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். மாமாவோடு அமெரிக்காவில் ஒன்றாக வேலை பார்க்கும் ஒருவர் லீவில் மெட்ராஸ் வந்திருப்பதாகத் தெரிந்தது. அப்பாவும் பெரியப்பாவும் அவரைப் பார்க்க ரயில் ஏறினார்கள்.

அவர்கள் திரும்பி வருகிற அன்று அம்மா சொதி வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் சொதி வைத்தது அன்றுதான். நல்ல சேதி வரும் என்று அம்மாவாக முடிவு செய்துகொண்டுவிட்டாள். அத்தை தேங்காய் துருவித் தலைப்பால் எடுத்துக் கொடுத்தாள். தலைக்குக் குளித்து, மறுவீட்டுக்கு உடுத்திய பச்சைச் சேலையை உடுத்தியிருந்தாள். நானும் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன்.

இருவரும் வந்தார்கள். குளித்தார்கள். அம்மா அடுப்படி நிலையில் நின்று, "போன காரியம்…" என்று இழுத்தாள். "சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்றார் அப்பா. இலை போட்டார்கள். சோறு வைத்து, இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்து, அத்தை சொதிச் சட்டியைக் கொண்டுவந்து ஊற்றினாள். பெரியப்பா ஒரு கை பிசைந்துவிட்டு, அப்பாவைப் பார்த்து இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் நான் பயந்திருக்க வேண்டும். வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை, பந்தியிலேயே உட்கார்ந்து பொறுக்கலாம். அப்பாவும் அன்று வாரி வழங்கினார். 'அப்பேரன்ட்லி' என்றார். 'ஆல்ரெடி' என்றார். 'லீகலி' என்றும், 'சீக்ரட்லி' என்றும் சொன்னார். பெரியப்பா 'ஸ்மால்' என்றார். என்ன ஸ்மால் என்பதை நான் கவனிக்கவில்லை, அது என் வேலை இல்லையே. ஒவ்வொன்றுக்கும் மடியில் ஒரு விரலை மடக்கிக்கொண்டேன். விரல் போதவில்லை.

அத்தை சட்டியோடு இலைகளுக்கு நடுவில் நின்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா அண்ணே?" என்று கேட்டாள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, "போதும்மா" என்றார். பிறகு அதே இலையைப் பார்த்துப் பெரியப்பாவிடம், "வி மஸ்ட் டெல் ஹெர் ஸ்லோலி. வெரி ஸ்லோலி" என்றார்.

ஸ்லோலி! நாங்கள் முதன்முதலில் படித்த வார்த்தை. நான் துள்ளிக்கொண்டு அத்தையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. பெரியப்பா இலைக்குப் போய்க் குனிந்து சொதி ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

சாப்பாடு முடிந்து கிணற்றடியில் அவள் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்ததும் நான் போய் என் மூட்டையை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள், "ம்" என்றாள். சொதிச் சட்டியைத் தேய்த்தாள், கழுவினாள், மறுபடி சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

"அத்தை, ஒரு சந்தேகம். ஆல்ரெடி மேரீட்னு அப்பா சொன்னாவல்லா, அதுல ஆல்ரெடி அட்வெர்ப். மேரீட் எதுல சேரும்? அட்ஜெக்டிவா?"

அத்தையின் கை நின்றது. "அதை விட்ருட்டி" என்றாள்.

"சொல்லுங்க. எழுதி வைக்கணும்."

"உங்க மிஸ்கிட்ட கேளு."

இலக்கணத்தில் எந்தச் சந்தேகம் கேட்டாலும் விடாமல் பிடித்துக்கொள்கிறவள் அப்படிச் சொன்னது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அத்தையைக் கூப்பிட்டார். பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல், "இங்கிலீஷ் எப்படிம்மா போகுது? ரெண்டு வாக்கியம் சொல்லு பாப்போம்" என்றார். அதுவரை ஒருநாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. மத்தியானம் சாப்பிடும்போது பேசியது அவருக்கு உறுத்தியிருக்கிறது. தங்கைக்கு எவ்வளவு புரியும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று எனக்கு, மாணவியைக் காட்டிப் பெயர் வாங்க ஒரு வாய்ப்பு என்றுதான் பட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அத்தை பக்கத்தில் போய் நின்றேன்.

அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு, "ஐ ஆம் ரீட் இங்கிலீஷ் குட்லி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தை, வெல்! வெல்!" என்றேன்.

"பிரதர் இஸ் வாக் ஸ்லோ" என்றாள் அடுத்து.

"ஸ்லோலி! நாமதான் முதல்லயே படிச்சோமே!"

அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு அசடு மாதிரிச் சிரித்தாள். "எனக்கு எங்க அண்ணே ஏறுது? ஒண்ணு சொன்னா ஒண்ணு மறந்து போகுது" என்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். திட்டப்போகிறார் என்று பயந்திருந்தேன். அவர் முகம் தெளிந்திருந்தது. காலையிலிருந்து அப்போதுதான் ஒழுங்காக மூச்சுவிட்டார் என்று தோன்றுகிறது.

"பரவால்லம்மா. பைய வரும். ஒரு அவசரமும் இல்ல, பையப் படி" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லப்பா, அத்தைக்கு எல்லாம் தெரியும்! மத்தியானம் நீங்க பேசினதுலகூட…" என்று ஆரம்பித்தேன்.

"ஏட்டி, அடுப்புல பால் வச்சிருக்கேன். பொங்கிராம, ஓடிப் போய்ப் பாரு" என்றாள் அத்தை.

ஓடினேன். அடுப்பில் பாலும் இல்லை, நெருப்பும் இல்லை.

அதற்குப் பிறகும் அத்தை படிப்பை நிறுத்தவில்லை. தினமும் கிணற்றடிக்கு வந்தாள். என்னோடு தனியாக இருக்கும்போது எல்லாம் சரியாக வரும். அப்பா நடமாடுகிற இடத்தில் வாயைத் திறந்தால் அத்தனையும் தப்பு. மறுவருஷம் ஒருநாள் அப்பா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சுற்றி வளைத்து, தமிழில் சொன்னார். மாமாவுக்கு அங்கே முன்பே கல்யாணமாகி ஒரு கைக்குழந்தையும் இருந்ததை. தன் வீட்டாருக்குப் பயந்து மறைத்துவிட்டு இங்கே வந்து தாலி கட்டியிருக்கிறார். அத்தை அன்றுதான் கேட்டவள் மாதிரி அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மனசு தாங்குகிற மாதிரிப் பக்குவமாகச் சொன்னேன் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டார். சாகும்வரை அந்த ஆறுதல் அவருக்கு இருந்தது.

அத்தை பிற்பாடு திசையன்விளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராகப் போனாள். தனியாகவே இருந்துவிட்டாள். அப்பா போன பிறகு நான் ஒரே ஒரு தடவை, எப்போது தெரிந்தது என்று கேட்டிருக்கிறேன். "சொதி ஊத்தும்போதே புரிஞ்சுட்டு" என்றாள். "எனக்குத் தெரிஞ்சுட்டுன்னு தெரிஞ்சா அண்ணன் அன்னைக்கே உடைஞ்சிருப்பாவ. பைய சொல்லணும்னு நினைச்சாவ. சொல்லட்டுமேன்னு விட்டுட்டேன்." ஒரு வருஷம், மனதில் அதை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. பால் இல்லாத அடுப்பைப் பார்த்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீண். என் அத்தை அப்பா முன்னால் தலைகுனிந்து நின்றது நான் சரியாகச் சொல்லிக்கொடுக்காததால்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் வாய்விட்டு அழுதது நான் ஒருத்திதான்.

அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பச்சைச் சேலையின் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நான் நல்லாச் சொல்லிக்குடுக்கல, இல்லையா அத்தை?"

"நல்லாத்தான்ட்டி சொல்லிக்குடுத்தே" என்றாள். பிறகு என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "ரொம்ப நல்லாச் சொல்லிக்குடுத்துட்டே" என்றாள்.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். நாளையிலிருந்து இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.